அறை அமைதி, ஒரு நிமிடம்

தம்பி, இதை முதலில் நீ தனியாக வாசி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று அப்புறம் நீயே முடிவு செய்.

பேய்ப் படம் ஓடும்போது பாப்கார்ன் தீர்ந்துவிட்டதே என்று கவலைப்படுகிற ஆள் நீ. கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறுகிறவள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. போன செவ்வாய்க்கிழமை தொடங்கி இன்று காலை வரை நடந்தது. ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருப்பதுதான் என் வேலையே.

தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால் ஃபோனிடம் சொல்லித்தான் எழுதுகிறேன். எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. போரில் தப்பிப் பிழைத்தவர்களைப் பேச வைத்து ஆவணப்படம் எடுக்கும் சின்ன நிறுவனம் இது. அவர்கள் பேசியது முழுக்க எழுத்தாக வேண்டும். வயதானவர்களின் குரல், இருமல், அழுகை எதுவும் கணினிக்குப் பிடிபடாது. அதனால் நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அப்படியே என் குரலில் மைக்கில் திருப்பிச் சொல்வேன். கணினி அதை எழுதும். என் குரலை மட்டும்தான் எழுதும். மூன்று வாரம் என்னைப் பேச வைத்து அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று வேறு யார் கத்தினாலும் ஓர் எழுத்து விழாது.

இங்கே விதி கண்டிப்பு. சாட்சி சொன்னதில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடவும் கூடாது. எழுதிய தாள்கள் அன்றைக்கே சாட்சியின் வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தால்தான் படத்தில் சேரும். எனக்கு முன்னால் இருந்த பெண், கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டுமே என்று ஒரே ஒரு வரி சேர்த்தாளாம். அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. மேடம் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நான் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மேடம் என்பது எங்கள் இயக்குநர்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ராத்திரி இல்லை தம்பி, பட்டப்பகல். ஆனால் நான் உட்காரும் அறைக்குப் பகல் கிடையாது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் காது இரைவது நமக்கே கேட்கும்.

அன்றைய சாட்சி எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். போர் நடந்தபோது அவருக்கு எட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் ஊர்க்காரர்களோடு ஒளிந்திருந்தவர். தலைக்கு மேலே சிப்பாய்கள் இரண்டு நாள் தங்கியிருந்தார்கள். கீழே ஒருவர்கூட இருமவில்லை. "முப்பத்தோரு பேர் இறங்கினோம். முப்பத்தோரு பேரும் ஏறினோம்." இது அவர் சொன்ன வரி. மேடத்துக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. பெரிதாக 31 என்று போட்டு போஸ்டரே அடித்துவிட்டார்.

முந்தின நாள் எடுத்த பதிவு, ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதால் மதியம் ஒரு மணிக்கே ஆரம்பித்தேன்.

பெரியவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. படத்தில் கை தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று மேடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்காது என்று மறுத்துவிட்டார்.

உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தார்களா என்று மேடம் கேட்டார்.

பெரியவர் பேசவில்லை. ஒன்பது விநாடி. நான் எண்ணினேன். எத்தனை விநாடி மௌனம் என்று எழுதுவதும் என் வேலை.

பிறகு, "நான்தான் சின்னவன்" என்றார்.

அந்த ஒன்பது விநாடிக்குள் என் திரையில் ஒரு சொல் விழுந்திருந்தது.

"ம்ம்"

தொண்டையைக் கனைத்திருப்பேன் என்று நினைத்தேன். அழித்துவிட்டேன்.

பேட்டி முடிந்தது. இனி ஒரே ஒரு நிமிடம்தான் பாக்கி. அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் ஒலிப்பதிவாளர் எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்வார். பின்னால் படத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். எப்போது பார்த்தாலும் வாயில் விரல் வைத்து உஷ் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் உஷ் அண்ணன். அவர் மகள் முதன்முதலில் பேசிய சொல்லே உஷ்தானாம்.

அந்த இடம் வந்ததும் நான் 'அறை அமைதி, ஒரு நிமிடம்' என்று எழுதிவிட்டு மைக்கை அணைக்க வேண்டும். அன்று அணைக்க மறந்துவிட்டேன்.

மணி 2:40.

திரையில் பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. மெல்ல வலது கையை வெளியே எடுத்தார். பக்கத்தில், நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்கு நீட்டினார். உள்ளங்கையைக் குழித்து... காற்றில் அப்படியே வைத்திருந்தார். எதையோ பொத்தியிருப்பது மாதிரி.

உள்ளங்கை ஓரத்தில் பிறை போல ஒரு வெள்ளைத் தழும்பு. நாய் கடித்தது என்றாரே... நாய்க்குப் பல் அவ்வளவு சின்னதாகவா இருக்கும்?

அப்போதுதான் எழுத்து விழ ஆரம்பித்தது.

"அண்ணா"

நான் வாயைத் திறக்கவில்லை தம்பி.

"அண்ணா கையை எடு"

பதிவை நிறுத்தினேன். அந்தக் கணினி எழுதுவது மட்டுமில்லை, எழுதிய குரலையும் சேமித்து வைக்கும். அதை எடுத்துக் கேட்டேன்.

என் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அமுங்கியிருந்தது. வாயை யாரோ இறுக்கிப் பொத்தியிருக்கும்போது பேசுவது போல...

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெள்ளிக்கிழமை. கடிதம். சேர்த்தால் வேலை போய்விடும். அழித்தேன்.

பதிவு நின்றுதான் இருந்தது. திரையில் மறுபடி எழுத்து.

"அண்ணா கையை எடு மூச்சு"

அழித்தேன்.

மைக்கை அணைத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. பார்த்தேன். நிச்சயமாக அணைந்தது.

"கையை எடு"

அழித்தேன்.

ஒன்றும் இல்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி.

பிறகு...

"அக்கா"

என்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். நீ.

"அக்கா நீயும் கையை எடு"

கறுப்புத் திரையின் ஓரத்தில் என் முகம் தெரிந்தது.

என் வலது கை என் வாய் மேல் இருந்தது.

நான் எப்போது வைத்தேன் என்று தெரியாது.

இறுக்கி வைத்திருந்தேன்.

இடது கை அழிக்கும் பொத்தான் மேல்.

இரண்டையும் எடுத்தேன்.

மூச்சு வந்தது. அதுவரை நான் மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. உஷ் அண்ணன். டீ வேண்டுமா என்று கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, அந்த ஒரு நிமிஷம் எடுக்கறப்போ ரூம்ல எத்தனை பேரு?"

"நாலு பேரு. நான், மேடம், கேமராக்காரர், அவரு."

"வேற யாரும்?"

கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு தடவை எடுத்தேன்மா. முதல் தடவை ஹெட்ஃபோன்ல அஞ்சு மூச்சு கேட்டுச்சு. எனக்குக் காது போச்சுன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் அஞ்சு." ஒரு விரலை மடக்கினார். "கடைசி பத்து விநாடி நாலுதான்."

டீ வேண்டாம் என்றேன். அவருக்கும் குடிக்கத் தோன்றவில்லை போல.

பக்கம் முப்பத்தெட்டு. 'அறை அமைதி, ஒரு நிமிடம்' என்பதற்குக் கீழே அந்த வரியை நானே தட்டினேன். 'அண்ணா, கையை எடு.' விடாமல் எழுதுவதும் விதிதானே. ஐந்து மணிக்குத் தாள்கள் போய்விட்டன. அன்றிரவு நான் தூங்கவில்லை. பேய்க்குப் பயந்து பாதி, மேடத்துக்குப் பயந்து பாதி.

புதன்கிழமை மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். மதியம் கூப்பிட்டார். அரை மணி நேரம் திட்டினார். உன்னை நம்பினதுக்கு எனக்கு நல்லா வேணும் என்றார். பெரியவர் அந்தப் பக்கத்தை மறுத்து ஒரு வார்த்தை எழுதினாலும் வெள்ளிக்கிழமை கடிதம் கிடையாது என்றார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். 2:40, 2:45, 2:50... இந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

வெள்ளி காலை 11:20. உறை வந்தது.

மேடம் என் எதிரிலேயே பிரித்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், 'முப்பத்தோரு பேர் இறங்கினோம்' என்ற இடத்தில், முப்பத்தொன்றின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 32 என்று எழுதியிருந்தார். 'முப்பத்தோரு பேரும் ஏறினோம்' என்பதை அப்படியே விட்டிருந்தார்.

முப்பத்தெட்டாம் பக்கம். அந்த வரிக்குக் கீழே பெரிய, கோணல் எழுத்து. அச்சு வரிகளின் மேலேயே ஏறிப் போயிருந்தது.

'எடுத்துவிட்டேன்.'

அதற்குக் கீழே கையெழுத்து.

மேடம் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். போஸ்டரைச் சுவரிலிருந்து தானே கழற்றினார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அன்று மாலை 4:15. அலுவலக ஃபோன் அடித்தது. நான் எடுத்து ஹலோ என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல்.

"நீங்கதானா? குரலைக் கேட்டதும் தெரிஞ்சுது."

பெரியவரின் மகள். நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்ததே இத்தனை வருடம் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். மூன்று வயது. புதன்கிழமையிலிருந்து அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாராம். அழுகிறாராம், சாப்பிடுகிறாராம், மறுபடி பேசுகிறாராம். கை இப்போது பையில் இல்லையாம். மடியில் மல்லாக்க வைத்துக்கொள்கிறாராம்.

எனக்கு எதற்கு நன்றி என்று கேட்டேன்.

"அப்பாவுக்குக் கண் தெரியாதே. ரெண்டு வருஷமாச்சு. பேர் எழுதுவார், அதுவும் நான் விரலைப் பிடிச்சு இடம் காட்டினா. நான் சாயங்காலமா வாசிச்சுக் காட்டலாம்னு தாளை மேஜை மேல வெச்சிருந்தேன். நீங்களே வந்து முப்பத்தெட்டு பக்கமும் வாசிச்சுக் காட்டினீங்களே."

எப்போது என்றேன்.

"புதன்கிழமை. மதியம் ரெண்டு நாற்பது இருக்கும். நான் சமையலறையில இருந்தேன். உங்க குரல்தான், இதே குரல். கடைசிப் பக்கம் மட்டும் சரியாக் கேக்கலை, ஏதோ வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரி... நான் வந்து பாக்கறதுக்குள்ள போயிட்டீங்க."

பிறகு அவரே கேட்டார், சாதாரணமாக.

"ஆமா, கதவு உள்பக்கம் பூட்டியிருந்துச்சே. யாரு தெறந்து விட்டாங்க?"

அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது தம்பி.

அதனால்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து நான் யாரோடும் ஃபோனில் பேசவில்லை. ஃபோனை அணைத்துத் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று காலை 6:10க்குத்தான் எடுத்து உயிர் கொடுத்தேன். நீ அனுப்பிய மெசேஜ் வந்து விழுந்தது.

'அக்கா, நேத்து ஏன் சின்னப் பிள்ளை மாதிரி பேசினே? அம்மா சிரிச்சு சிரிச்சு ஓஞ்சு போயிட்டாங்க. வாய்க்குள்ள என்ன, துணியா? மறுபடி கூப்பிடறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டே.'

நான் நேற்று கூப்பிடவில்லை.

கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் கூப்பிடுவாள். எடு. பயப்படாதே. யாரென்று கேட்காதே. எழுபது வருடமாகப் பேச விடாமல் வைத்திருந்த குரல் அது. என்ன சொன்னாலும் கேள். தூக்கம் வந்தாலும் கேள். அம்மாவிடமும் சொல்லி வை.

உஷ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.