ஸ்டோவ்னரில் எனக்கு அடித்த மணி

துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்கு இதுவரை எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கலியாணவீடு, செத்தவீடு, தூதரக அலுவல் என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்ப்பதற்காக, அதுவும் அறுபத்தாறு வயதில், போனது இதுதான் முதல் தடவை. இந்தப் பெப்ரவரிக் கடைசியில் ஒரு சனி போய் ஞாயிறு திரும்பினேன். இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ரயில் நேரம், ரிக்கெற் விலை, எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது என்பதைத்தான். அதெல்லாம் கீழே இருக்கிறது. இடையில் என்னுடைய வெட்கக்கேடும் இருக்கிறது. வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

போன காரணத்தை முதலில் சொல்கிறேன். என் மகள் ஆரணிக்கு வயது இருபத்து மூன்று. ஒஸ்லோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை, ஸ்டோவ்னரில் வீடு. எட்டு வருடத்துக்கு முன்னர், எங்கள் ஊர்த் தமிழர்களின் பொங்கல் கலைவிழாவில் அவளும் மூன்று சிநேகிதிகளும் ஒரு ஜப்பானியப் பெண்கள் குழுவின் பாட்டுக்கு ஆடினார்கள். மேடைப் பொறுப்பு என்னுடையது. ஒரு நிமிடம் கூட ஆடியிருக்கமாட்டார்கள். நான் பாட்டை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை எடுத்து, "பிள்ளையள், இது தமிழ் மேடை. அடுத்த நிகழ்ச்சி வரட்டும்" என்றேன். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு அன்றைக்கு இனித்தது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், பிறந்தநாளுக்குச் சட்டை அனுப்புவாள், சாப்பிட்டீங்களோ என்று விசாரிப்பாள். மருந்துக்கடைக்கு வருகிற ஆளோடு கதைக்கிற அதே மரியாதை. தனக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றி, ஒரு ஆளைப் பற்றி என் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை. வீட்டில் தாயோடு கலகலவென்று கதைத்துக்கொண்டிருப்பாள், நான் உள்ளே வந்தால் வானொலியை நிறுத்தியதுபோல நின்றுவிடும்.

மாதம் ஒரு ஞாயிறு அவளும் வேறு சிலரும் சேர்ந்து அதே குழுவின் பழைய நிகழ்ச்சியைத் திரையிடுகிறார்கள் என்று மனைவி சொல்லித்தான் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தேன்.

"நானும் வரலாமோ, பிள்ளை?"

"வாங்கோ அப்பா. எல்லாருக்கும் ஒரே கதிரைதான். முன்வரிசை எண்டு ஒண்டும் இல்லை."

தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் நான் எங்கே உட்காருவேன் என்பதை அவள் மறக்கவில்லை. சரி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி ரயில். சனி காலை 8.20க்குப் புறப்பட்டு 3.05க்கு ஒஸ்லோ மத்திய நிலையம். ஆறே முக்கால் மணித்தியாலம், ஏறக்குறைய 550 கிலோமீற்றர். மூன்று வாரம் முன்னரே எடுத்தபடியால் ஒரு வழிக்கு 549 குரோனர். மலிவு ரிக்கெற்றில் நேரம் மாற்ற முடியாது, இதைக் குறித்து வையுங்கள். டோவ்ரே மலைமேட்டில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாது, அங்கே தூங்கலாம். லில்லஹாமருக்குப் பிறகு வலப்பக்க ஜன்னலில் மியோசா ஏரி வரும். பெப்ரவரியில் அதன்மேல் ஆட்கள் நடந்து போவதைப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. முழங்காலில் கொப்பி வைத்து மகளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் வந்தது. அடித்துத் திருத்தி, திரும்பவும் அழகாக எழுதினேன். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவன், மேடைப் பேச்சு என்றால் விடமாட்டேன்.

அன்றிரவுக்கு ட்வெய்ட்டாவில் நண்பன் யோகன் வீடு. மத்திய நிலையத்திலிருந்து டி-பான என்கிற நிலக்கீழ் ரயிலில் கால் மணித்தியாலம், ரிக்கெற் 44 குரோனர். இறங்கினால் கடைத்தொகுதி, அதற்குப் பின்னால் உயரமான மாடிவீடுகள். தேத்தண்ணீரோடு கொப்பியை அவனிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தான்.

"மச்சான், இது மன்னிப்போ, அறிக்கையோ?"

"ஏன், என்ன குறை?"

"முதல் பக்கம் முழுக்க அண்டைக்கு நேரம் போயிட்டுது, பிரதம விருந்தினர் காத்துக்கொண்டு இருந்தவர், ஒலிபெருக்கி பிழை எண்டுதான் கிடக்கு. மகளின்ரை பேர் ரெண்டாம் பக்கத்திலைதான் வருது."

"நடந்ததைச் சொல்லத்தானே வேணும்?"

"ஓம், ஓம். நீ சொல்லு." அவன் எழும்பிப்போய்ப் புட்டுக்கு மா குழைத்தான். எனக்கு அவன்மேல் கோபம். சாப்பாட்டிலும் அதைக் காட்டினேன்.

ஞாயிறு காலை ட்வெய்ட்டாவில் ஏறி, தோயனில் மாறி, ஸ்டோவ்னருக்கு நாற்பது நிமிடம். நிலையத்தின் வாசலிலேயே கடைத்தொகுதி, நேரம் இருந்தால் அருகிலுள்ள நடைபாதைக் கோபுரத்தில் சுற்றிச் சுற்றி ஏறலாம், கட்டணமில்லை. நான் பத்து மணிக்கே அவர்கள் திரையிடுகிற மண்டபத்தில் நின்றேன். கையில் மனைவி பொரித்துத் தந்த நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ். ஆரணி வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கினாள். "பயணம் சுகமோ அப்பா? கோட்டைக் கழட்டி அங்கை கொழுவுங்கோ." அவ்வளவுதான்.

பதினெட்டுப் பேர் இருந்தார்கள். நோர்வேக்காரப் பிள்ளைகள், இரண்டு வியட்நாம் பெண்கள், எங்கடை பிள்ளைகள் நாலைந்து. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த நிவேதா என்கிற பிள்ளை வந்த வேகத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க ஆரணியோட அப்பாவா? ஐயோ, சொல்லவே இல்ல அவ! ரோல்ஸ் செம்ம அங்கிள், நான் ஏற்கெனவே ரெண்டு எடுத்துட்டேன்."

சொல்லவே இல்லையாம். அந்தப் பிள்ளை சிரித்தபடிதான் சொன்னது, எனக்குத்தான் குத்தியது.

இப்போது அந்த நிகழ்ச்சி. குழுவின் பெயரை எழுதினால் பிழையாக எழுதி ஆரணியிடம் வாங்கிக் கட்டுவேன், ஆகவே விடுகிறேன். இன்றைக்கு அவர்கள் பெரிய அரங்குகளில் ஆடுகிறவர்கள். இது அவர்களை யாருக்கும் தெரியாத காலத்தில் எடுத்தது. ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொரு வாரமும் ஒரு ஊருக்கு அனுப்பி ஏதாவது வேலை செய்யவிடுகிறார்கள், இரண்டு நகைச்சுவைக்காரர்கள் கூடப் போய் நக்கல் அடிக்கிறார்கள். கதைப்பதெல்லாம் திரையின் அடியில் நோர்வேஜிய மொழியில் ஓடியது. அன்றைய பகுதியில் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஐஸ் பெட்டி சுமக்க வேண்டும். குழுவின் நடுவில் நின்று ஆடுகிற பிள்ளை, முகம் கோணாமல் எப்படி வேலை செய்வது என்று அங்கிருந்த மீன்காரிக்கே பாடம் எடுத்து, ஒரு பெட்டி மீனையும் கொட்டிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒவ்வொரு பகுதியும் ஒரே மாதிரித்தான் முடியும். ஒன்பது பேரும் வரிசையாக முழங்காலிட்டு, அன்றைக்குச் செய்த பிழையில் ஆளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே வசனம். காரணம் சொல்லக்கூடாது. சொன்னால் நகைச்சுவைக்காரர் மேசைமணியைத் தட்டுவார், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிழையைச் சரியாகச் சொல்லி முடித்தால் மற்றவர்கள் ஆறுதல் சொல்லமாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். தலையை மட்டும் குனிவார்கள். அந்த நடுப்பிள்ளைக்கு ஏழு தரம் மணி அடித்தது. தரை ஈரமாம், சப்பாத்து பெரிதாம், மீன்காரி முறைத்ததாம். எட்டாம் தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்" என்றது. எட்டுத் தலைகளும் குனிந்தன.

திரை அணைந்ததும் இவர்களும் அதையே செய்கிறார்கள். ஒரு சின்ன ஒலிவாங்கி கைமாறி வரும், மணி ஆரணியின் முன்னால். ஒரு நோர்வேப் பொடியன் தாயின் பிறந்தநாளை மறந்தேன் என்றான், வேலை கூடிப்போச்சு என்று இழுத்தான், மணி. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டுத் திரும்பச் சொன்னான். தலைகள் குனிந்தன. நிவேதா அறைத்தோழியின் பாலை எடுத்துக் குடித்ததைச் சொன்னாள், அவளுக்கும் ஒரு மணி. பிறகு ஒலிவாங்கி என்னிடம் வந்தது.

"தமிழிலை சொல்லுங்கோ அப்பா. நான் மொழிபெயர்க்கிறன்" என்றாள் ஆரணி.

கொப்பியை எடுத்தேன். எழும்பி நின்றேன். மற்றவர்கள் இருந்துகொண்டுதான் சொன்னார்கள் என்பது பிறகுதான் நினைவு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னர் நடந்த ஒரு விழாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று தொடங்கினேன். அவள் முகம் மாறவில்லை, நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அன்றைக்கு முப்பத்திரண்டு நிகழ்ச்சிகள் என்றேன். சொன்னாள். மண்டபத்தை ஒன்பது மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்றேன். சொன்னாள். பிரதம விருந்தினர் தூரத்திலிருந்து வந்தவர் என்றேன். அவளை மேடையிலிருந்து இறக்கியதற்கு நான் சொன்ன காரணங்களை அவள் தன் வாயாலேயே, ஒவ்வொன்றாக, அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் அதைக் கூடக் கவனிக்கவில்லை, பக்கத்தைப் புரட்டினேன்.

மணி அடித்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஆரணியும் சிரித்தாள். கை இன்னும் மணியின்மேல். எட்டு வருடத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை, பொடியனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளாக வைத்துச் சிரித்தாள். இன்றைக்கு அது எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். பதினெட்டுப் பேருக்கு முன்னால் என் பேச்சை ஒருவர் வெட்டிவிட்டார்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாகுது" என்று ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டு, கோட்டை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். அப்போது நேரம் 12.20. ரயில் 2.02க்கு.

நிலையப் படியில் நிவேதா மூச்சுவாங்க ஓடிவந்தாள், மேலங்கி கூட இல்லை.

"அங்கிள், ஏன் கிளம்பிட்டீங்க? பெல் அடிச்சா மறுபடி சொல்லணும், அவ்வளவுதான். எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்காங்க."

"ரயில் பிள்ளை, ரயில்."

"எத்தனை மணிக்கு அங்கிள்?"

"பன்னிரண்டே முக்கால்" என்றேன். பச்சைப் பொய்.

"ஒரே ஒரு வாக்கியம்தான அங்கிள்..." என்றாள். டி-பான வந்தது. ஏறினேன். கதவு மூடியது. அவள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மத்திய நிலையத்தில் இறங்கியபோது 12.52. ஸ்டோவ்னருக்குத் திரும்பிப் போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாழ்க்கை முழுக்க நேர அட்டவணை பார்த்தவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரிந்தது. 45 குரோனருக்கு ஒரு கோப்பி வாங்கி, அது ஆறும்வரை அங்கே ஒரு கதிரையில் சும்மா இருந்தேன். என்ன மனுசன் நான்.

ஹாமர் தாண்டும்போது தொலைபேசி அதிர்ந்தது. ஆரணி. "ரோல்ஸ் முடிஞ்சுது. தொப்பி இஞ்சை இருக்கு." தலையைத் தடவிப் பார்த்தேன், தொப்பி இல்லைத்தான். நீளமாக ஒரு பதில் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் முதல் வரியிலேயே ஒலிபெருக்கி வந்திருந்தது. அழித்துவிட்டு "சரி" என்று மட்டும் அனுப்பினேன். அவள் ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். வீடு வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். மலிவு ரிக்கெற் எடுக்கலாம், ஆனால் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் திரும்பி வரும் ரிக்கெற்றை மாற்றக்கூடியதாக எடுங்கள், கூட இருநூறு குரோனர் போனால் போகட்டும். பெப்ரவரியில் ஸ்டோவ்னரில் காற்று நிலத்தடியிலும் வெட்டும், தொப்பியை மறக்காதீர்கள். ஒஸ்லோவுக்குள் சனி பின்னேரமும் ஞாயிறு காலையும் சுற்றுவதானால் இருபத்துநான்கு மணித்தியால ரிக்கெற்தான் இலாபம். கொப்பி கொண்டு போகாதீர்கள்.

இந்தக் கட்டுரை போடப்படும் முன்னர் எழுத்துப்பிழை பார்ப்பது ஆரணிதான். பழைய வழக்கம், அவளுக்கும் எனக்கும் இடையில் மிஞ்சிய ஒரே கொடுக்கல் வாங்கல். ஆகவே இதை முதலில் வாசிக்கப் போவது அவள். மூன்று நாளாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். மேசையில் மணி இல்லை, கரண்டியால் கோப்பையைத் தட்டுகிறேன்.

ஆரணி, அன்றைக்கு உங்கள் ஆட்டத்தை நிறுத்தியது பிழைதான், ஆனால் நேரம்... மணி.

ஆரணி, உன்னை நோகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை... மணி.

ஆரணி, சபை கைதட்டியபடியால்... மணி. மனைவி அடுப்படியிலிருந்து, "என்னப்பா அங்கை டிங் டிங் எண்டு?" என்கிறாள்.

ஆரணி, நீ ஆடிக்கொண்டிருந்தாய், நான் பாட்டை நிறுத்தினேன்.