ராணி எழுதிய என் பட்டம்

நான் பி.காம். பட்டதாரி. அந்தப் பட்டத்துக்கான ஒரு தேர்வைக்கூட நான் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதியவள் என் மனைவி தேசராணி.

இதை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். குடும்பத்துக்காக ஏதோ செய்திருக்கிறான் என்று ஒதுக்கிவிடுவீர்கள். பொறுங்கள்... நான் ஒப்புக்கொள்ள வந்தது இது மட்டுமில்லை. பட்டம் வாங்கிய பிறகு அவளுக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இத்தனை காலமாக வாய் வரவில்லை.

திருவொற்றியூரில், எண்ணூர் சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. வெயில் நேரத்தில் பெட்டிக்குள் ஏறினால் அடுப்புக்குள் இறங்கியது போல் இருக்கும். ஆபீசுக்குள் சூப்பர்வைசர் வேலை ஒன்று இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் காலியாகப் போகிறது என்று மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீ வேலைக்காரன்தான்யா, இல்லேன்னு சொல்லல. ஆனா டிகிரி கேக்கறாங்க. எப்படியாவது ஒண்ணு முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நான் இழுத்துப் பிடிக்கிறேன்."

தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. வேலையில் இருந்துகொண்டே படிக்க என்னென்ன வழி என்று விசாரித்தேன். முதலாவது, 'கரஸ்' என்று நாங்கள் சொல்லும் அஞ்சல் வழிக் கல்வி. செலவு குறைவு, எந்த ஆபீசிலும் மதிப்பு உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. யார்டிலோ ஞாயிறன்றுதான் பெட்டி குவியும். இரண்டாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். புத்தகம் வீட்டுக்கே வந்துவிடும், நம் வேகத்துக்குப் படிக்கலாம், வயது பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டிலும் கடைசியில் ஹாலில் உட்கார்ந்து பரீட்சை எழுதியாக வேண்டும்.

மூன்றாவது, வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்று இணையத்திலேயே நடத்திய படிப்பு. மாதவரத்தில் ஒரு மாடியில் அதற்கு அலுவலகம் இருந்தது. பாடமும் கம்ப்யூட்டரில், தேர்வும் கம்ப்யூட்டரில். எங்கே உட்கார்ந்து வேண்டுமானாலும் எழுதலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான். தவணையில் கட்டலாம் என்றார்கள். லீவு போட்டால் போகும் சம்பளம், பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இதுதான் கட்டுப்படியாகும் என்று வீட்டிலும் யார்டிலும் பெரிய கெட்டிக்காரன் போல விளக்கினேன்.

பொய். நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு.

பரீட்சை ஹால் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். பிளஸ் டூவில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எழுத்தெல்லாம் கலங்கிப் போய், வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்தவன் நான். தோற்றுத் தோற்று ஒருவழியாகத் தேறினேன். மறுபடியும் அந்த பெஞ்சில் உட்காருவதா? ஆகவே மாதவரத்து அலுவலகத்தில் நான் கட்டணத்தைப் பற்றிக்கூடச் சரியாக விசாரிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், எழுதறது யாருன்னு உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

அங்கே இருந்தவர் சிரித்தார். "பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கும்? அப்ப நீங்கதான்."

அன்றே பணம் கட்டினேன்.

ராணி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் வீட்டுப் பெண். பிளஸ் டூவில் கணக்குப் பதிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். மேலே படிக்க ஆசைப்பட்டாள். நான் பெண் கேட்டுப் போனதும் வீட்டில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். என் பாடங்களை அவள் படித்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் தலையில் நிற்கவில்லை. தேர்வு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு விடை சொல்வாள், நான் மவுசை அழுத்துவேன் என்பதுதான் எங்கள் திட்டம்.

அந்தத் திட்டத்தை பிரவுசிங் சென்டர் வாசலிலேயே பாபு உடைத்தான். சென்டர் அவனுடையது. பிளைவுட் தட்டி வைத்துத் தடுத்த சின்னச் சின்ன கேபின்கள், முன்னால் ஒரு திரை.

"அண்ணே, ஜோடியா உள்ள உடமாட்டேன். ஸ்டேசன்ல கண்டிசனா சொல்லிகீறாங்கோ. ஒர்த்தர்தான்."

"யோவ், அவ என் பொண்டாட்டிய்யா."

"எனுக்குத் தெர்யுதுண்ணே. ரெய்டு வந்தா போலீசுக்குத் தெர்யுமா? கடைய மூடிட்டு பூடுவான்."

தேர்வு தொடங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பயத்துக்காக ஹாலை விட்டு ஓடி வந்தேனோ, அதே பயம் அந்தத் திரைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்தது.

"நீ போமே," என்றேன்.

பாபு வேறு ஆளைக் கவனிக்கத் திரும்பியதும் ராணி என் காதோடு கேட்டாள். "உன் பரிச்சையாச்சேயா?"

"நீ போமே..."

இடுப்பிலிருந்த எங்கள் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். பிறகு எல்லாத் தேர்வும் அப்படியே நடந்தது. அவள் உள்ளே, நான் வெளியே.

தேர்வு முடிந்து வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். "அந்தத் தேய்மானக் கணக்கு கீதே, ரெண்டு வழிலயும் போட்டுப் பாத்தேன்யா. டக்குனு வந்துச்சு," என்பாள். நான் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு "மெதுவா பேசு" என்பேன். அவள் உடனே வாயை மூடிக்கொள்வாள். தெருவில் யாராவது கேட்டிருந்தால்? அன்று முளைத்த அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

பட்டம் வந்தது. வேலையும் வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்தேன்... அங்கேயும் வேர்த்தது. மேனேஜர் வாடகைக் கணக்கு எதையாவது நீட்டி, "பி.காம். தானே, பார்த்துச் சொல்லு" என்றால், நாளைக்குத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோவேன். ராணி மீன் ஆய்ந்துகொண்டே வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். மறுநாள் பாராட்டு எனக்கு.

ஒரு நாள் மேனேஜரும் நானும் யார்டு வாசல் டீக்கடையில் நின்றிருந்தோம். பாபு வண்டியில் வந்து இறங்கினான். அவன் மனதில் களங்கமே இல்லை.

"அண்ணே! அண்ணி பாஸ் பண்ட்டாங்களா? இன்னாமா எழ்துவாங்கோ. நம்ம சென்டர்ல அப்டி ஒர்த்தரும் எழ்தி நான் பாத்ததில்ல."

கண்ணாடி டம்ளர் என் விரலைச் சுட்டது. மேனேஜர் திரும்பினார். "என்னப்பா, உன் வைஃப் படிக்கிறாங்களா? சொல்லவே இல்லியே?"

ஒரு நொடிதான் இருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? படிக்கிறாள் சார் என்று பெருமையாகச் சொல்லியிருந்தால்கூட யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எனக்கு என் தோலைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும்தான் தெரிந்தது.

"ஏதோ ஆசைப்பட்டா சார். ஃபெயிலாயிட்டா. விட்டுட்டா."

மேனேஜர் உச்சுக்கொட்டினார். பாபுவால் நம்ப முடியவில்லை. ஆனாலும் புருஷன் சொன்னால் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

சில நாள் கழித்து நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ராணி கேட்டாள். "மார்க்கெட்டாண்ட பாபுவப் பாத்தேன். பெயிலானா இன்னாக்கா, திரும்ப எழ்துங்கோன்றான். நீதான் அப்டி சொன்னியா?"

"மேனேஜர் கூட இருந்தாருமே... வேற இன்னா சொல்றது?"

அவள் கோபப்படவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப... நெஜமாவே எழ்திடட்டாயா? என் பேர்ல?"

இதோ, நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

எனக்காக நான் விசாரித்த அதே மூன்று வழிகளையும் அவள் முன்னால் ஒவ்வொன்றாக அடைத்தேன். கரஸா? ஞாயிற்றுக்கிழமை நீ வகுப்புக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? திறந்தநிலையா? பரீட்சை எங்கேயோ தூரத்தில் போடுவான், அவ்வளவு தூரம் தனியாகப் போவாயா? இணையப் படிப்பா? அதே கல்லூரி, அதே சென்டர், புருஷன் பெயர் என்ற இடத்தில் என் பெயர்... எவனாவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் வேலை போய்விடும், நாமெல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவோம் என்றேன். கடைசியில் சொன்னது மட்டும்தான் பாதி உண்மை. அவள் ஹாலில் உட்கார்ந்து, தன் பெயரில், ஊரறியத் தேறிவிட்டால், இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகுமே! அதுதான் என் பயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

"சரிய்யா, உடு," என்று உலை வைக்கப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பிறகு கம்பெனியில் எல்லோருடைய சான்றிதழையும் சரிபார்க்க வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டேன். சான்றிதழ் உண்மையானதுதான், ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தது. அப்போதாவது ராணியிடம், இனி பயமில்லை, நீ படி என்று சொன்னேனா? இல்லை. இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ராணியின் தங்கை கஸ்தூரி வீட்டுக்கு வந்திருந்தாள். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், டிகிரி முடிக்க ஆசைப்படுகிறாள். எதில் சேர்வது என்று கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராணி பேச ஆரம்பித்தாள். எதில் செலவு குறைவு, எதில் பாதியில் விட்டாலும் மறுபடி தொடரலாம், எந்தப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்கிறார்கள், எதை ஏற்க மாட்டார்கள், இப்போது எந்தப் படிப்பில் தேர்வை எப்படி வைக்கிறார்கள்... என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததைவிட எவ்வளவோ அதிகம். இவ்வளவையும் எப்போது விசாரித்தாள்? யாருக்காக விசாரித்தாள்?

"இவ்ளோ தெர்ஞ்சி வெச்சிகீறியே, நீயும் சேருக்கா. ரெண்டு பேரும் ஒண்ணா எழ்தலாம்," என்றாள் கஸ்தூரி.

பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்த என் மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ராணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனுக்கு எங்கடி... எனுக்கு படிப்பு ஏறாது. உங்க மாமாதான் படிச்சவரு, அவரக் கேளு."

கஸ்தூரி சிரித்தாள். என் மகளும் சேர்ந்து சிரித்தாள். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது சித்தி," என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. வெட்கம் வரவில்லை. நிம்மதி வந்தது. தப்பித்தேன் என்று உடம்பெல்லாம் தளர்ந்தது. "சொல்லுங்க மாமா, எது நல்லது?" என்று கஸ்தூரி கேட்க, ராணி இப்போதுதான் சொல்லி முடித்ததையே நான் என் குரலில் மறுபடி சொன்னேன். மகள் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.