பழனிக்குக் கொடுக்காத முடி

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன்!

"தலையில கத்தி படக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்" என்று என் கணவர் ரகுவிடம் முகம் மாறாமல் சொன்னேன். அவர் நம்பினார். வீடே நம்பியது. இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது... உண்மையை முதன்முதலாகக் கேட்பவர் நீங்கள்தான்.

எனக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று ரகு வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தால் என் முடியைப் பழனி முருகனுக்குக் காணிக்கையாகக் கொடுப்பதாக! முடி என்னுடையது, வேண்டுதல் அவருடையது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. ஆனால் நானும் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன். பயம் அப்படி.

என்னைத் தாங்கியவள் ரகுவின் தங்கை மாலதி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அண்ணியான என்னை வங்காளிகளைப் போல 'பௌதி' என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு கீமோவுக்கும் டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். நான் வாந்தி எடுக்க வாளி பிடித்தவள் அவள். நெற்றியில் விபூதி இட்டு, "முருகன் பாத்துப்பான் பௌதி, நீங்க ரெண்டு வாய் கஞ்சி குடிங்க" என்பாள். நானும் அவனை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு, சந்தேகம் இல்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. நானே அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். புருவம் போயிற்று. மார்பு முன்பே போயிருந்தது. அதையெல்லாம் காணிக்கை என்று யாராவது கணக்கில் சேர்த்தார்களா?

பிறகு முடி முளைத்தது. அடேயப்பா... சுருள் சுருளாக! ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி முன்னால் வெட்கமில்லாமல் நின்றேன்.

ஸ்கேன் நல்லபடியாக வந்த அன்றே ரகு பழனிக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். அன்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வாய் தவறி வந்ததா? இல்லவே இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்! ஒருமுறை பறிகொடுத்ததை நான் ஏன் மறுபடியும் கொடுக்க வேண்டும்?

ரகு கலங்கிப்போனார். நேர்த்திக்கடன் நிற்கக் கூடாதே! மாலதி சட்டென்று சொன்னாள்: "பௌதிக்குப் பதிலா நான் குடுக்கறேன் அண்ணா. நம்ம வீட்டுல யார் குடுத்தா என்ன?"

இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை... அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயிலில் இரண்டு நாள் அவகாசம் இருந்தது, அங்கும் சொல்லவில்லை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். மொட்டை அடிப்பவர் முன்னால் அவள் தலை குனிந்து உட்கார்ந்தபோது, நான் பக்கத்தில் நின்று என் சுருள்முடியை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

நியூ டவுனில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு அந்த மொட்டைத் தலையோடுதான் போனாள். கேட்டவர்களிடமெல்லாம் தன் பௌதி பிழைத்ததற்காக என்று பெருமையாகச் சொன்னாளாம்.

உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்துகிறது! அவள் தலையைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. சரி, இன்று கேட்டால் முடியைக் கொடுப்பாயா என்பீர்கள். மாட்டேன். முருகனே வந்து நின்று கேட்டாலும் மாட்டேன்!

போன ஞாயிற்றுக்கிழமை மாலதி வந்தாள். அவள் தலையில் இப்போதுதான் ஒரு விரற்கடை முடி. காபியை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த மாசம் உங்களுக்கு ஸ்கேன் இருக்குல்ல பௌதி? நான் வேண்டிக்கிட்டேன். நல்லபடியா வந்தா மறுபடியும் மொட்டை. என் தலைதான். உங்களைத்தான் டாக்டர் விடமாட்டாரே!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"சர்க்கரை போதுமா மாலதி?" என்று கேட்டேன்.