வைக்கோலில் நடந்த குதிரை

வாங்கிய குதிரை நொண்டினால் என்ன செய்வது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான்தான் ஊரெல்லாம் கேட்டேன். எல்லாரிடமும் பதில் இருந்தது. குதிரைதான் யாரிடமும் இல்லை.

அப்போது நான் மாயவரம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பண்ணையில் வேலை. அறுப்புக் கூலி கூடக் கேட்டுச் சங்கம் கொடி நட்ட வருஷம், ஐயா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி அறுத்துக்கொண்டார். எங்கள் அரிவாளெல்லாம் கூரையில் செருகினபடியே இருந்தது. சங்கத்தில் நான் பெரிய ஆள் இல்லை. கூட்டத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐயாவின் கண் நாலாவது வரிசை வரைக்கும் வந்திருக்கிறது. உனக்கு இனிமேல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஒரு கிழட்டுக் குதிரையும் வண்டியும் கிடைத்தன. பிழைப்பு ஓடியது.

"எங்க போயிடப் போறான், தானா வருவான்னு ஐயா சொன்னாருடா" என்று காரியக்காரர் ஒரு நாள் ஸ்டேஷனுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். காரியக்காரர் என்றால் ஐயாவின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்பவர். ஐயா மனசில் நினைப்பதை வாயால் சொல்வதும் அவர் வேலைதான்.

கிழட்டுக் குதிரை ஒரு மார்கழியில் செத்துப்போயிற்று. குதிரை இல்லாத ஜட்காக்காரன் திரும்பப் பெரிய வீட்டு வரப்பில்தான் போய் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் வேறு பண்ணை கிடையாது. நானும் என் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் கூடாது. அரை வயிறு கஞ்சி குடிப்போம், அந்த வரப்பில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க முடியாது.

அந்தச் சமயம் ஆட்சி மாறியிருந்தது. ஐயாவும் மாறியிருந்தார். கதர்த் துண்டு பெட்டிக்குள் போய்விட்டது, கரை போட்ட துண்டு தோளுக்கு வந்துவிட்டது. நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஐயா நிலத்தை மகன், மருமகன், சமையல்காரர், கோயில் சாமி, பிறக்கப்போகிற பேரன் என்று எல்லார் பேரிலும் பிரித்து எழுதினார். அந்த வீட்டில் தன் பேரில் நிலம் இல்லாத ஒரே ஜீவன், சாரட்டு இழுத்த குதிரை. கார் வேறு வாங்கிவிட்டார்கள். குதிரையைத் தள்ளிவிடத் தீர்மானித்தார்கள்.

என்னிடம் குதிரைக்குக் கொடுக்க இருந்தது ஒரு சினைப்பசு. என் பெண்டாட்டி வளர்த்தது. நல்ல கறவை. ஐயா வீட்டில் அதன் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். மாட்டுக்குக் குதிரை என்று பேச்சு முடிந்தது.

மாசி மாதம் அது. களத்தில் போரடித்த வைக்கோல் முழங்கால் உயரம் கிடந்தது. குதிரையை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். நான் என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மச்சானுக்குச் சுழி பார்க்கத் தெரியும். எங்கள் பக்கம் மாடானாலும் குதிரையானாலும் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம். நல்ல சுழி என்றால் வீடு நிறையும். கெட்ட சுழி என்றால் வீட்டில் பாடை கட்டுவார்கள். மச்சான் நெற்றியைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். முதுகில் எச்சில் தொட்டு மயிரை ஒதுக்கிப் பார்த்தான். அடிவயிற்றுக்குக் குனிந்து பார்த்தான். காரியக்காரரும் கூடவே குனிந்தார்.

"ராஜ சுழிடா இது. ஐயா இதை வாங்குன வருசந்தான் மூணு வேலி நிலம் சேந்துச்சு" என்றார் காரியக்காரர்.

"எனக்கு மூணு வேலி எதுக்குங்க, மூணு சவாரி போதும்" என்றேன்.

"பாருடா, வாயெல்லாம் ஜங்ஷன்ல கத்துக்கிட்டான்."

பல்லைப் பிடித்துப் பார்த்தோம். வாலைத் தூக்கிப் பார்த்தோம். காரியக்காரர் களத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடத்திக் காட்டினார். ராஜா மாதிரி நடந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த என் பெண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை ஏங்க வைக்கோல்லயே நடத்துறீங்க?"

"பொம்பளைக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்" என்றான் மச்சான். அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் கொண்டுபோன கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய வீட்டுக் கயிற்றைத் தரமாட்டார்கள். கயிற்றோடு லட்சுமி போய்விடுமாம். லட்சுமியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு குதிரையை மட்டும் கொடுத்தார்கள்.

வாய்க்கால் கரை மண்பாதை. நன்றாக வந்தது. தார் ரோட்டில் ஏறியதும் முன்னங்கால் ஒன்றை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. கல் ஏதாவது குத்தியிருக்கும் என்று குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். கல் இல்லை. திரும்ப மண்ணில் இறக்கினேன். நன்றாக நடந்தது. தாரில் ஏற்றினேன். நொண்டியது. மச்சான் நெற்றிச் சுழியை இன்னொரு தரம் பார்த்தான்.

"சுழி நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"அப்ப சுழியை வண்டியில பூட்டு" என்றேன்.

அதன் பிறகு அவன் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

முதலில் காரியக்காரரிடம் போனேன். "வாங்கும்போது நொண்டுச்சா? இல்லைல்ல? அப்ப நீ ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டே" என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். "குளம்புக்குள்ள பழைய புண்ணுப்பா. ஆறு மாசம் ஈர மண்ணுல நிறுத்து, வண்டியில பூட்டாதே" என்றார். அவருக்கு மாசச் சம்பளம். சங்கத்துத் தோழரிடம் போனேன். "இது உங்க குதிரைப் பிரச்சினை இல்ல தோழர், வர்க்கப் பிரச்சினை" என்றார். குதிரை அந்த வர்க்கத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஆளும் கட்சி வட்டச் செயலாளர் ஒருவர் இருந்தார். "மந்திரி வர்றப்ப மனுக் குடு. ஆனா ஐயா பேரைப் போடாதே, அவரு இப்ப நம்ம ஆளு" என்றார்.

ஜங்ஷனில் என் பக்கத்து வண்டி ஒரு பாயினுடையது. அதிராம்பட்டினத்துக்காரர், வயசானவர், இரண்டு குதிரை வைத்திருந்தார். அவர் குதிரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"தம்பி, ரோட்டுல ஓட்டிப் பாத்தியா?"

"சுழி பாத்தோம் பாய்."

"சரிதான். சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுறவன் என்ன செய்வான் தெரியுமா? நல்ல கால்லயும் ஒரு கல்லைச் செருகிடுவான். ரெண்டு காலும் ஒரே மாதிரி நொண்டும். வாங்குறவனுக்கு அதோட நடையே அதுன்னு தோணும்."

"அது எவன் தலையிலயாவது விடியும். அவனும் ஒரு பசுவைக் குடுத்துட்டு நிப்பான்."

"அப்ப வெச்சு மேய்" என்றார் பாய்.

மேய்த்தேன். ரோட்டோர மண்ணிலேயே ஓட்டினேன். சாக்கை மடித்துக் குளம்பில் கட்டினேன். பக்கத்துச் சத்திரம், பக்கத்துக் கடைத்தெரு, இதற்கு மேல் போவதில்லை. ஏறினவர்கள் நடையைப் பார்த்துப் பாதியில் இறங்கிக்கொண்டார்கள். சாமான் மட்டும்தான் இறங்காமல் வந்தது. வீட்டில் கஞ்சி தண்ணீராயிற்று. இதற்குள் எங்கள் பசு பெரிய வீட்டில் கன்று போட்டது. கிடாரி என்று என் பெண்டாட்டி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். பங்குனியில் காரியக்காரர் வந்தார்.

"உளுந்து பிடுங்க ஆள் பத்தலை. புருஷனும் பொண்டாட்டியும் வந்துடுங்க. ஐயா பழசையெல்லாம் மறந்துட்டாரு."

"நான் மறக்கலீங்களே."

"குதிரை மறக்கவெச்சிடும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நொண்டி என்று தெரியாமல் தரவில்லை. ஆள் திரும்பி வரட்டும் என்றே தந்திருக்கிறார்கள்.

அந்த வாரத்தில் ஒரு காலை வண்டியில் திருச்சிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். தங்கக் கம்பி மூக்குக் கண்ணாடி போட்ட ஒருத்தர், அவர் சம்சாரம், அவருடைய அக்கா. பெரிய வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள். பெரிய வீட்டுக் கார் மத்தியான ரயிலுக்குத்தான் வரும். இவர்கள் வேண்டுமென்றே முன்னாடி வந்திருந்தார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. வெற்றிலைக் கடையில், வண்டிக்காரனிடத்தில், நாலு இடத்தில் வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

வரிசையில் பாய் வண்டிக்குத்தான் முதல் முறை. எந்த வீட்டுக்குப் போகணும் என்று அவர் கேட்டார். சொன்னார்கள். பாய் என்னைப் பார்த்தார்.

"எனக்கு வயித்தைக் கலக்குது. நீ போ தம்பி" என்றார். அவர் வயிறு அதற்கு முன்னும் பின்னும் கலங்கி நான் பார்த்ததில்லை.

தார் ரோட்டில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது.

"ஏம்ப்பா, குதிரை நொண்டுதே" என்றார் கண்ணாடிக்காரர்.

"வாங்குன நாள்லேருந்து அப்படித்தாங்க."

"எங்க வாங்குனே?"

"நீங்க போற வீட்டுலதாங்க."

அக்காள் தலையை நீட்டிக் குதிரையின் காலைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"வாங்கும்போது பாத்து வாங்கக் கூடாதா?"

"பாத்தேங்க. அவங்க காட்டுனதைப் பாத்தேன்."

வாய்க்கால் கரையில் இறங்கினதும் குதிரைக்குக் கால் வந்துவிட்டது. தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"இப்ப நல்லாத்தானே போகுது?" என்றாள் சம்சாரம்.

"மெத்துன்னு இருந்தாப் போகுங்க. அப்படித்தான் இருந்துச்சு அங்க."

நான் வேறொன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். வீட்டைப் பற்றிக் கேட்டார்கள், பெரிய வீடுதாங்க என்றேன். பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள், தங்கமான பொண்ணுங்க என்றேன். இரண்டும் உண்மை.

வாசலில் வண்டி நின்றதும் ஐயா வெளியே வந்தார். மத்தியானத்துக்கு எதிர்பார்த்த சம்பந்தி, தாம் தள்ளிவிட்ட குதிரை பூட்டின வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. குதிரை தன் பழைய லாயத்தைப் பார்த்துக் கனைத்தது.

உள்ளே நடந்ததை வேலைக்காரி என் பெண்டாட்டியிடம் சொன்னாள். பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்களாம். அப்புறம் வெற்றிலை. அப்புறம் விசிறி. அப்புறம் ஜமுக்காளத்தைச் சுருட்டச் சொல்லி, வெறும் தரையில் இன்னொரு சொம்பு தண்ணீர். அந்தப் பெண்ணின் காலில் ஒரு குறையும் கிடையாது. பாவம், அப்பன் குதிரை விற்றதற்கு அவள் நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் காரியக்காரர் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயா மனசு எரங்கிட்டாரு. மாட்டைப் பிடி, குதிரையைக் குடு. இனிமே அதை ரோட்டுல காட்டாதே."

என் பெண்டாட்டி வெளியே வந்தாள். "கன்னு எங்க?"

"கன்னு எங்க வைக்கோல்ல பொறந்ததும்மா. அது எங்களுது."

"நொண்டியும் உங்க வைக்கோல்லதான் இருந்துச்சு. அதை மட்டும் எங்களுக்குத் தந்தீங்க" என்றாள் அவள்.

காரியக்காரர் என்னைப் பார்த்தார். நான் குதிரைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். பசு கன்றை நினைத்துக் கத்த ஆரம்பித்தது. தெருவே கூடிவிட்டது. சங்கத்துத் தோழர் வந்து, கன்று பாடுபட்டவருக்கே சொந்தம் என்று பேச ஆரம்பித்தார். பாடுபட்டது பசு என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. கரைத் துண்டுக்குச் சிரிப்பு ஆகாது. சம்பந்தி இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. பொழுது உச்சிக்கு வருவதற்குள் கன்று வந்துவிட்டது. குதிரையைக் கொடுத்தேன். என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

"மாடு வந்துடுச்சு, குதிரை போச்சு. இப்ப எதைப் பூட்டுவே? நாளைக்கு உளுந்துக்கு வந்து சேரு" என்றார் காரியக்காரர்.

பாயிடம் போனேன். அவருக்கு இரண்டாவது குதிரையை ஓட்ட ஆள் இல்லை. வாரத்துக்குக் கொடுத்தார். வருகிறதில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. குதிரையைத் தார் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து மணிக்கூண்டு வரை ஓட்டினேன். சுழி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. குத்தகைதாரனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் நிலத்துக்குத்தான், குதிரைக்கு இல்லை. பாய் சட்டம் படிக்காதவர், ஆதலால் என்னை வெளியேற்றவில்லை.

சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். இருக்கும். வைகாசியில் மாயவரத்தில் கட்சிக் கூட்டம். ஐயா சாரட்டில் வந்துகொண்டிருந்தார். அதே குதிரை. தார் ரோட்டில் ஐயா ஒரு பக்கம் ஆடினார், துண்டு இன்னொரு பக்கம் ஆடியது. பின்னால் நின்றுகொண்டு வந்த காரியக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டார்.

"டேய், நடவு வருதுடா. ஐயா கேக்குறாரு, வர்றியா?"

ஐயா கேட்டமாதிரி தெரியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியில ஆள் இருக்குங்க" என்றேன். மணியை மிதித்தேன். சாரட்டு கொஞ்சம் ஒதுங்கியது. தாண்டிப் போனேன்.