முதல் தண்ணி, பேந்து சுவிட்ச்

வண்டிவீட்டிலை சுடுதண்ணி வராட்டி சனம் முதல் டாங்கியைத் திட்டும், பேந்து திருத்த வந்தவனைத் திட்டும். தாங்கள் என்ன செய்து வைச்சது எண்டதை மட்டும் சொல்லாது. ஸ்பானர் பிடிச்சுச் சீவிக்கிற கூட்டாளியளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. லாசால் எண்ட ஊரிலை ஒரு கராஜிலை பதினொரு வருசம், காருக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போற ரூலொட் வண்டிவீடுகளின்ரை சுடுதண்ணி டாங்கி திருத்தினன். இப்ப முழங்கால் விட்டிட்டுது, அங்கையே கவுண்டரிலை நிண்டு சாமான் விக்கிறன். ஏப்ரலிலை பனி கரைஞ்சு முதல் ரூலொட் வளவுக்குள்ளை வரேக்கை, இண்டைக்கும் கை துருதுருக்குது.

நல்ல நேரம்

பியர்பொன்ட்ஸிலை இருந்த சிவம் அண்ணை பென்சன் எடுத்த கையோடை பழைய ரூலொட் ஒண்டு வாங்கினார். மனுசி பத்மா அக்கா முப்பது வருசம் மரக்கறி பொதி பண்ணுற குளிரறையிலை நிண்டவ. காலமை சுடுதண்ணிக்குள்ளை கை வைச்சால்தான் விரல் மடங்கும். கஸ்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு அண்ணை எத்தினையோ வருசமா அவவுக்குச் சொல்லிவந்தவர். சுடுதண்ணி இல்லாட்டி வரமாட்டன் எண்டு அக்கா கண்டிப்பாச் சொல்லிப்போட்டா. வெளிக்கிட மூண்டு நாள் இருக்கேக்கை, தண்ணி சுடுதில்லை எண்டு என்னைக் கூப்பிட்டினம்.

கழட்டிப் பாத்தால், தண்ணியைச் சூடாக்கிற எலிமென்ட் கருகிக் கொப்பளிச்சுக் கிடக்குது. விசாரிச்சால், கோயிலிலை அர்ச்சனை செய்து, சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிச்சு, வீட்டுக்கு வந்து நல்ல நேரம் பாத்து அண்ணை எல்லாச் சுவிட்சையும் ஒண்டாப் போட்டிருக்கிறார். மாரிக்கு உறையக்கூடாதெண்டு வடிச்ச டாங்கி அப்பிடியே வெறுமையாக் கிடந்திருக்குது. அண்ணை பஞ்சாங்கத்திலை பிழையோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டார். அக்காதான் வாய் திறந்தா.

"நேரமெல்லாம் நல்லதுதான் தம்பி. தண்ணிதான் இல்லை."

வெளிச் சவர்

புது எலிமென்ட் போட்டுக் குடுத்தன். அண்ணை உடனை ஒரு தாளிலை பெரிய எழுத்திலை, "பத்மா, முதல் தண்ணி, பேந்து சுவிட்ச்" எண்டு எழுதிச் சுவிட்சுக்கு மேலை ஒட்டினார்.

நாலாம் நாள் கஸ்பேயிலை இருந்து போன். தண்ணி வெதுவெதுப்பாத்தான் வருதாம், அக்கா திரும்பிப் போவம் எண்டுறாவாம். நான் போட்ட எலிமென்ட்தான் பிழையோ எண்டு ஒவ்வொண்டா விசாரிச்சன். கடைசியிலைதான் வெளிப்பக்கச் சவரைப் பற்றிக் கேட்டன். கடல்மண் உள்ளுக்கை வரக்கூடாதெண்டு அக்கா எல்லாரையும் அதிலை கால் கழுவவைச்சிருக்கிறா. கழுவினாப்பிறகு சவர் கைபிடியிலை தண்ணியை நிப்பாட்டுற பொத்தானை மட்டும் அமத்திப்போட்டு, சூடு, குளிர் ரெண்டு பைப்பையும் திறந்தபடி விட்டிருக்கினம். குளிர்தண்ணி உள்ளுக்கை போய்ச் சுடுதண்ணியோடை கலந்துகொண்டே இருந்திருக்குது. ரெண்டையும் பூட்டச் சொன்னன். ஒரு மணித்தியாலத்திலை அக்காவே போன் எடுத்தா, விரல் மடங்குதாம். இனி அந்தச் சவரைத் தொடாதேங்கோ எண்டன்.

"அதெப்பிடித் தம்பி, கால் கழுவாமல் ஏறுறது?"

ஒட்டின தாள்

அதுக்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போவினம். போக முதல், ஏப்ரலிலையே வண்டி என்னட்டை வரும், அக்கா சுட்ட றோல்ஸும் வரும். அந்த ஏப்ரல்களை நினைச்சால் இப்பவும் மனம் குளிருது.

நான் ஸ்பானரை வைக்க முதல் வந்த கடைசி ஏப்ரலிலை, அக்கா மகளோடை வந்தா. அண்ணை மாரிக்கை மாரடைப்பிலை போயிட்டார். வண்டியை விக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுகினமாம். தண்ணி சுட்டால் மகளோடை கஸ்பே போறன், சுடாட்டி விக்கிறன் எண்டா. டாங்கியை நிரப்பி, சுவிட்சைப் போட்டிட்டு, ஒரு மணித்தியாலம் கும்பிடாத குறையா நிண்டன். சுட்டுது. அக்கா பைப்புக்குக் கீழை கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் நிண்டா.

சுவிட்சுக்கு மேலை, பத்மா எண்டு தொடங்கிற அந்தத் தாள் மஞ்சளிச்சு, மூலை கிழிஞ்சு கிடந்தது. உரிச்சுப்போட்டுப் புதுசா ஒண்டு எழுதி ஒட்டட்டோ எண்டு கேட்டன்.

"வேண்டாம் தம்பி. பிழை விட்டது அவர், புத்தி சொன்னது எனக்கு. அப்பிடியே கிடக்கட்டும்."

பதினொரு வருசத்திலை நான் கண்டும் திருத்தாமல் விட்ட பிழை அந்த ஒண்டுதான்.