பியூலாவை அழைத்து வரப் போனேன்

தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, மட்டக்களப்பில் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஏழு மாதக் கைக்குழந்தை. மூன்று வயது மகளை என் மாமியாரிடம் விட்டிருந்தேன். மாற்றுத் துணி, கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், வாழைப்பழம் எல்லாம் எடுத்திருந்தேன். மகனுக்கு நெஞ்சில் பூசும் தைலத்தை மட்டும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய் எடுத்து வரலாமா, அதற்குள் பஸ் போய்விடுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

நான் போனது என் கணவரின் தங்கை பியூலாவை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக. பியூலா என்பது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. அவளுக்கு வயது இருபத்திரண்டு. மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றவள். ஒன்றரை வருடமாகச் சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் வீட்டில் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, எங்கள் திருச்சபை கொடுக்கும் சிறு சம்பளத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்து வந்தாள். அவளிடமிருந்து நான்கு வரியில் ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு தாய் தன் கையில் இறந்துவிட்டதாகவும், இனி அங்கே இருக்க முடியாதென்றும், யாராவது வரும்படியும் எழுதியிருந்தாள்.

மாமிக்கு எழுத்து வாசிக்க வராது. இரண்டு தரம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நீதானகா அனுப்பின. நீயே போய்க் கூட்டித்து வா. அவளுக்குப் பேசின திருகோணமலை மாப்பிள்ள வீட்டார் இன்னும் காத்துத்துத்தான் இருக்காங்க" என்றார்.

மாமி சொன்னதில் பொய் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேச என்னைக் கேட்டார்கள். கிறிஸ்தவ வாலிபர்கள் நோக்கமில்லாமல் ஒரு நாளையும் கழிக்கக் கூடாது, உத்தியோகமும் சீதனமும் மட்டும் வாழ்க்கையல்ல, உங்களுக்கென்று ஆண்டவர் ஒரு தெருவைக் குறித்து வைத்திருக்கிறார் என்று பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. முன்வரிசை வாங்கில் இருந்த பியூலா கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எந்தத் தெரு மச்சாள்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கல்லடிப் பாலம் தாண்டும்போது வாவி மழை வெள்ளத்தில் கலங்கி, பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. கட்டணம் ஒரு ரூபா பத்துச் சதம். மகன் வீரிட்டு அழுததைப் பார்த்த கொண்டக்டர், "பிள்ளைக்கு ரிக்கற் இல்ல அம்மா, சத்தத்துக்குத்தான் அரை ரிக்கற்" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. காத்தான்குடியில் பாதிப் பேர் இறங்கினார்கள். ஆரையம்பதியில் அதே அளவு பேர் ஏறினார்கள். அதற்கப்பால் ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் வாவி. தண்ணீர் வடியாத வயல்களில் நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குக் களுவாஞ்சிகுடியில் பஸ் கால்மணி நேரம் நின்றது. எனக்கு அடுத்த வாங்கில் மருதமுனைச் சாரன் வியாபாரி ஒருவர், துணி மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

"நேர்ஸம்மாட வீட்டயா? என்ட மூத்த மகள்ட புள்ளையையும் அவதான் எடுத்த. நல்ல கை தங்கச்சி. மருதமுனையிலிருந்து மாட்டுக் கரத்த புடிச்சிப் போய்க் கூட்டி வருவம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப மூணு கிழமையா வெளிய வாறல்லயாம். ஆரு போய்க் கூப்பிட்டாலும் கதவத் திறக்கிறல்லயாம். நீங்க அவக்கு என்ன முறை?"

"அண்ணன் மனைவி."

"அப்ப நல்லதாப் போச்சு. கதைச்சி எழுப்பி விடுங்க. மாசியில என்ட ரெண்டாவது மகளுக்குப் பேறு நாள்."

நான் அவளை எழுப்பி விட அல்ல, கூட்டிப் போகத்தான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று மருதமுனையில் அவர் மூட்டையோடு இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்முனைக்கு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குச் சேர்ந்தோம். மட்டக்களப்பிலிருந்து இருபத்தைந்து மைல். அங்கிருந்து சாய்ந்தமருது இரண்டு மைலுக்கு உட்பட்ட தூரம். எழுபத்தைந்து சதத்துக்கு ஒரு கரத்தை பேசினேன். எங்கள் சபையின் கல்முனைக் கோயிலைக் கடந்து, சந்தையைக் கடந்து, மாடு தன் விருப்பப்படி நடந்தது. சாய்ந்தமருதில் வீடுகள் நெருக்கமானவை; வேலிக்கு வேலி முட்டும். ஒழுங்கைகளில் மணல். கிடுகு வேலிகளுக்கு மேலே உலரப் போட்ட வலைகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் பெண்களின் குரல் கேட்கும், பெண்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

பியூலாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் கூப்பிட்டதும் திறந்தாள். மெலிந்து போயிருந்தாள். பெட்டி கட்டிச் சுவரோரம் வைத்திருந்தது. மேலே கத்தரிக்கோலும் கிண்ணமும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தன.

"அம்மா வரல்லயா?" என்று கேட்டாள்.

"நான்தான் வந்தன். வீட்ட போவம் வா."

"நாளைக்குப் போவம்" என்றாள். பயணத்தில் நான் தயார்செய்து வந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் தேவையில்லாமல் போயின. உண்மையைச் சொன்னால், அவள் வரமாட்டேன் என்று மறுப்பாள் என்றுதான் எதிர்பார்த்து வந்திருந்தேன். அவள் மறுத்திருந்தால் என் பேச்சு வீண்போகவில்லை என்று ஆகியிருக்கும்.

பகல் சாப்பாடு வீட்டுக்காரி ஆசியா உம்மாவிடம்; பியூலா அறையிலேயே இருந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். உரத்த குரல். என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இரிங்க மகள். மெலிஞ்ச குடும்பம்போல, ஒங்கட ஊட்டில ஆரும் சோறு சமைக்கிறல்லயா?" சோறும், மீன் ஆணமும், முருங்கையிலைச் சுண்டலும் வைத்தார். உள்ளறையில் ஒரு பச்சைக் குழந்தை அழுதது. அந்தச் சத்தத்துக்கு என் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. யாருடைய பிள்ளை என்று கேட்டேன்.

"என்ட மகள்ட. அவதான் மௌத்தாப் போனா."

பியூலாவின் கடிதத்தில் அது இல்லை. இறந்த தாய் இந்த வீட்டுக்காரியின் மூத்த மகள் என்பதை, அவர் வைத்த சோற்றில் கை வைத்திருக்கும்போதுதான் அறிந்தேன். இறந்தவளின் தங்கை தன் பிள்ளையோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் பால் கொடுப்பதாகச் சொன்னார்.

"அண்டைக்கு ஞாயிறு. விடியத் தொழுதுட்டு எழும்புறன், மகளுக்கு நோவு. மருமகன் பியூலாட கதவத்தான் தட்டினார். வந்து பாத்துச்சு. தலப்புள்ள, பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்ற மட்டும் போகும், நான் கோயிலுக்குப் போய்த்து ஓடி வாறன் எண்டுச்சு. நாந்தான் போ எண்ட. வணக்கத்துக்குப் போற புள்ளய ஆரு மறிப்பா? பத்து மணிக்குப் புள்ள பொறந்திட்டு. பக்கத்து ஊட்டு மூத்தம்மாதான் புடிச்சா. பொறகு ரெத்தம் நிக்கல்ல. பியூலா வரக்குள்ள பதினொண்டர. அது என்ன செய்யும்? அல்லாட நாட்டம்."

அது வருடத்தின் முதல் ஞாயிறு; எங்கள் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை. அன்று ஒவ்வொருவரும் தம்மை ஆண்டவருக்குப் புதிதாக ஒப்புக்கொடுப்போம். திருவிருந்தும் சேர்ந்தது; நீண்ட ஆராதனை. ஆசியா உம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டு கேக்கன் மகள், கோவிக்காதீங்க. எங்களுக்குத் தொழுகை தப்பினா களா எண்டு ஒண்டு இரிக்கி. பொறகு தொழுது நிறைவேத்தலாம். நோவுக்காரிக்கிட்ட நிண்டவள அல்லா ஏசமாட்டான். ஒங்கட மார்க்கத்தில அப்பிடி ஒண்டும் இல்லயா?"

அவர் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். எங்கள் மார்க்கத்தில் யாரும் அப்படி ஒரு சட்டம் போடவில்லை. நான்தான் போட்டேன்.

கார்த்திகை மாதத்தில் பியூலா, பிரசவங்களால் மூன்று ஞாயிறு ஆராதனை தவறிவிட்டது என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் எழுதிய பதில் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. வேலை ஒருநாளும் முடியாது, ஆண்டவருடைய மணி நேரத்தை முதலில் கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார், உடன்படிக்கை ஞாயிறையாவது எதற்காகவும் விட்டுவிடாதே. அதை எழுதிய கிழமை மகனுக்குச் சளி என்று நானே ஆராதனைக்குப் போகவில்லை.

"நீங்க கூட்டித்துப் போகவா வந்த?" என்றார் ஆசியா உம்மா.

"ஓம்."

அவர் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். "போனா சனம் என்ன செல்லும் தெரியுமா? நேர்ஸ் பிழை விட்டுட்டா, அதான் ஓடிட்டா எண்டு செல்லும். அப்ப என்ட மகள் ஆருட பிழையிலயோ மௌத்தான மாதிரி ஆயிரும். பியூலா இஞ்சயே இரிந்தா, அல்லாட நாட்டம் எண்டு எனக்கும் நம்பலாம். எனக்கு நம்பத்தான் வேணும் மகள்."

மாலை நான்கரைக்குப் பியூலாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வீட்டிலிருந்து கால் மைல்கூட இல்லை. கரைவலை இழுத்து முடிந்து, மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடல் கறுத்து, இரைந்துகொண்டிருந்தது. மகனைக் காற்றில் கொண்டு வந்தது சரியா என்று அப்போதும் யோசித்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன்.

"என்ட கடிதத்தாலதானே அண்டைக்குப் போன நீ?" என்று கேட்டேன்.

"கடிதத்த வாசிச்சன். பைபிளுக்குள்ள வெச்சிருந்தன். நீங்க எழுதாட்டியும் போயிருப்பனோ எண்டு யோசிச்சிப் பாக்கன் மச்சாள். தெரியா. அதுதான் எனக்குத் தெரியாத விசயம்."

"பிழை என்ட. ஆண்டவர் அப்படிக் கேட்கல்ல. நான்தான் அவர்ட பெயரில கேட்டுட்டன்."

"அப்ப அண்டைக்கு கோயில்ல நான் ஆருக்கு ஒப்புக்கொடுத்தன்?" என்றாள். "முழங்காலில நிக்கக்குள்ள எனக்கு அவட வயிறுதான் கண்ணுக்குள்ள. எழும்பி ஓடியிருக்கலாம். நல்ல பிள்ளையா நிண்டன்."

ஆசியா உம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். சொல்லலாமா என்று அதற்கு முன் பலமுறை யோசித்தேன். சொன்னால் அவளைக் கட்டிப்போடுவது போலாகும், மறைத்தால் இன்னொரு தரம் அவளுக்காக நான் தீர்மானிப்பது போலாகும்.

"அப்ப நான் வரல்ல. அம்மாட்டச் சொல்லுங்க. மாசியில மூணு பேர் இருக்காங்க."

"ஆண்டவர் உன்னப் பெலப்படுத்துவார்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"அவரப் பத்திக் கதைக்காதீங்க மச்சாள். செபம் பண்ண வருகுதில்ல. கோயிலுக்கும் போக மாட்டன். கையக் கழுவுறன், கத்தரிக்கோலக் கொதிதண்ணியில போடுறன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். அந்த உம்மாக்காக நிக்கன்."

வீட்டுக்கு வரும்படி இன்னொரு தரம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரத்தை வந்தது. பியூலா என் மகனை வாங்கி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, "சளி இல்ல. சும்மா பயப்படாதீங்க" என்று திருப்பித் தந்தாள். கட்டிய பெட்டி இன்னும் அவிழ்க்காமல் சுவரோரம் இருந்தது. ஆசியா உம்மா வழிக்கு அவித்த கிழங்கு கட்டித் தந்தார். வேலிக்கு மேலாகத் தலை தெரிய நின்று, "அடுத்த முறை வாறெண்டா ரெண்டு நாள் இரிந்து திண்டு போட்டுப் போங்க. இப்பிடி வத்தலாத் திரும்பி வந்தா உள்ளுக்கு எடுக்கமாட்டன்" என்று சத்தமிட்டார்.

அந்த வீட்டு வாசலிலிருந்து கல்முனைக் கோயில் வாசல் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரத்தையில் முப்பத்திரண்டு நிமிடம். அவள் அன்று நடந்துதான் வந்திருக்கிறாள். ஓடினால் எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர்கள் கல்லோயா அணைக்கட்டுப் பக்கம் வேலை முடித்துத் திரும்பும் ஆட்கள். வழி நெடுகக் கூலியைப் பற்றியும் நுளம்புக் கடியைப் பற்றியும் பேசிச் சிரித்து வந்தார்கள். மட்டக்களப்பில் பதினொரு மணி. மாமி வாசல் படலையில் நின்றார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"எங்க அவள்?"

"வரல்ல மாமி. வேலை இருக்காம்."

"நீ கேட்டியா?"

கேட்டேன் என்றேன். மாமி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இரண்டாம் தரம் கேட்டிருந்தால் அவள் வந்திருப்பாளோ என்று இப்போதும் நினைக்கிறேன். அவள் செபம் பண்ணுவதில்லை என்பதை மாமியிடம் நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அச்சானதும் நானேதான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதலாமா என்று பியூலாவைக் கேட்டதற்கு, "பெயரை மாற்றி எழுதுங்கள்" என்று தபாலட்டை வந்தது.

சபைப் பத்திரிகையின் வாலிபர் பக்கத்துக்கு உற்சாகமூட்டும் விதமாக எழுதித் தரும்படிதான் என்னைக் கேட்டார்கள். மன்னிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நான் பேசியதில் எதையும் திரும்பப் பெறும் துணிவும் எனக்கில்லை, அதையே மறுபடி சொல்லும் துணிவும் இல்லை. அழைத்து வரப் போன பிள்ளையை, எந்த விசுவாசத்தோடு அனுப்பினேனோ அது இல்லாமலே அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்: ஞாயிறு காலையில் உங்கள் கதவை யாராவது தட்டினால், தட்டியவரோடு போங்கள்.

போன ஞாயிறு வாலிபர் வகுப்பு முடிந்ததும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். அவளும் மருத்துவிச்சிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். "அக்கா, நானும் அந்தப் பக்கம் போகட்டா?" என்று கேட்டாள். வரும் கிழமை கதைப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போ என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அன்று சாய்ந்தமருதில் இரண்டு பேர் இருந்திருந்தால், ஒருத்தி கோயிலுக்குப் போயிருக்கலாம், ஒருத்தி அந்த வீட்டில் நின்றிருக்கலாம். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அவள் போய்விடுவாள்.