சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு நேரம்?

சிங்கப்பூருக்கும் மெட்ராசுக்கும் எவ்வளவு தூரம் என்று என் நைனா நூல் பிடித்துத்தான் அளந்தார். திருத்தணிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த உலகப் படத்தில் கடலுக்குக் குறுக்கே நேராக நூலை இழுத்து, பம்பாய் மெயில் ஓடும் தூரத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். "காலைல ஏறினா பொழுது சாய வந்துடுவான் அண்ணி" என்று பெரியம்மாவிடம் வந்து சொன்னார். அதுவரை விமானம் ஏறியவர் எங்கள் ஊரில் எவரும் இல்லை. வேறு யாரைப் போய்க் கேட்பது?

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பெரியப்பா திடீரென்று போய்விட்டார். ஒரே பிள்ளையான அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். தந்தி கொடுத்தோம். விமானத்தில் புறப்படுகிறேன், முகம் பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்று பதில் வந்தது.

நைனா சொன்ன பொழுதும் சாய்ந்தது, அண்ணனைக் காணோம். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரவழைத்த ஐஸ் பாளம் மரத்தூளுக்குள்ளேயே பாதி கரைந்துபோயிருந்தது. வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் பெரியம்மா வாசலுக்கு ஓடினாள். "வந்துகினுதான் இருக்கான் தம்பி, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று நைனாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அதை விவரிக்க எனக்கு மனசில்லை. "எடுத்துடலாம் அண்ணி" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார் நைனா. நந்தியாற்றங்கரையில் நான்தான் கொள்ளி வைத்தேன். பெத்த அப்பனுக்கு ஆகாதவன் என்ன பிள்ளை என்று அண்ணன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விடிந்து, பால் தெளிக்கப் புறப்படும்போது வந்து நின்றான். விமானம் கடல்மேல் நேராக வரவில்லையாம். பாங்காக், ரங்கூன், கல்கத்தா என்று சுற்றி, வழியில் ராத்தங்கி வந்ததாம். பெரியம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து இருட்டுற வரைக்கும் வெச்சிருந்தா முகம் பாத்திருப்பியாடா? அத மட்டும் சொல்லு."

"இல்லம்மா. இப்போ வந்த வண்டிலதான் வரேன்."

அவள் கை தளர்ந்தது. அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். "இன்னா பண்ணியிருந்தாலும் அவன் பாத்திருக்க முடியாது" என்று அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சாகிறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதே தூரம் நான்கு மணி நேரம்தானாம். என் பேத்தி அரக்கோணம் போய்வருகிற மாதிரி சிங்கப்பூர் போய்வருகிறாள். நான்தான் அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறேன். பெரியம்மாவின் கருமாதி முடிந்த அன்று, எல்லாரும் போனபிறகு, அண்ணன் என்னிடம் சொன்னான்.

"அப்பாவ எடுத்த அன்னிக்கு சாயந்திரமே வந்துட்டேன்டா. வண்டி திருத்தணில நின்னுச்சு. எதிர் பிளாட்பாரத்துல மணவூர் மாமா வீட்டாளுங்க அத்தினி பேரும் தலைக்குக் குளிச்ச ஈரத்தோட நின்னுகினு இருந்தாங்க. தெரிஞ்சிபோச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம்னு அம்மா ஆயுசுக்கும் அழுவாங்களேன்னு எறங்கல. ரேணிகுண்டா வரைக்கும் போயிட்டு, காலைல திரும்பி வந்தேன்."